மாடிப் பரணில் கூகைக் கூடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தோட்டத்தோடு கூடிய ஒரு மாடி வீடு. தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் நெடுநாளாகக் காலியாகக் கிடக்கும் புதர் மண்டிய நிலம். வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவரின் வயதான தாயார். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. பழைய சாமான்களைப் போட்டு வைக்க அதில் ஒரு பரண். பரணுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரின் கண்ணாடித் தகடுகள் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டன. அந்த அறைக்கு யாரும் அதிகம் போவதில்லை. அதனால் அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்தில் எலிகள் பெருகியிருந்தன. சமையலறை வரை வரத் தொடங்கியதும், வீட்டார் எலி விஷக் கட்டிகளை வாங்கிச் சுவரோரமாகவும் மாடிப்படிக்குக் கீழேயும் வைத்தார்கள். இது எங்களை அழைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது. இந்தக் கதையின் பெரிய பகுதி அந்தக் கட்டிகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

நானும் என்னுடன் காட்டுயிர் மீட்பில் ஈடுபடும் ஒரு நண்பரும் அந்த வீட்டுக்குப் போனோம். அவர்கள் எங்களை அழைத்தது பாம்பு பிடிப்பதற்காக.

வீட்டார் சொன்னதும் நாங்கள் பார்த்ததும்

இரவானால் பரணிலிருந்து சீறும் சத்தம் கேட்கிறது. ஒரு பாம்பு இல்லை, பல பாம்புகள் இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் மாடியில் படுக்க மறுத்துவிட்டார்கள். கணவர் அந்த அறைக் கதவின் அடியில் ஈரத்துணியைத் திணித்து வைத்திருந்தார்.

சத்தம் எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்டோம். பொழுது சாய்ந்ததும் தொடங்கும், நள்ளிரவைத் தாண்டியும் விட்டுவிட்டுக் கேட்கும், விடிந்தால் அடங்கிவிடும் என்றார் மனைவி. அங்கேயே பாம்பு என்கிற எண்ணம் பலமிழந்தது. பாம்பு சீறுவது தன்னை யாரோ நெருங்குகிறார்கள் என்று எச்சரிக்க. ஆள் இல்லாத அறையில், இருட்டில், மணிக்கணக்காக அது சீறிக்கொண்டிருக்காது. இதை விளக்கியபோது பாட்டி விடவில்லை. "ஏம்ப்பா, பாம்பு இல்லைன்னா வேற எது இப்படிச் சீறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆந்தை இனத்தைச் சேர்ந்த கூகையின் குஞ்சுகள் பசிக்கு எழுப்பும் குரலை முதன்முறை கேட்கும் எவருக்கும் பாம்பு ஞாபகம்தான் வரும். ஒன்றிரண்டு நொடி நீளும் கரகரத்த சீறல், பிறகு சிறு இடைவெளி, மறுபடி சீறல். நான்கைந்து குஞ்சுகள் சேர்ந்து எழுப்பினால் அறையே சீறுவது போல இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் வெளிச்சுவரைப் பார்த்தோம். வெண்டிலேட்டருக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடுகள். அறைக்குள் பரணின் கீழே, தரையில், கட்டைவிரல் பருமனில் கருத்த உருண்டைகள் கிடந்தன. வீட்டார் அதை ஏதோ விலங்கின் எச்சம் என்று நினைத்திருந்தார்கள். ஒன்றை ஈரப்படுத்திப் பிரித்தபோது உள்ளே மயிரும் எலி மண்டையோடும் ஆரஞ்சு நிற முன்பற்களும் இருந்தன. ஆந்தைகளும் கூகைகளும் இரையை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் வயிற்றில் உருட்டித் திரட்டி வாய்வழியே கக்கிவிடும். புதிதாகக் கக்கியது பளபளவென்று கருப்பாக இருக்கும். அங்கே கிடந்தவற்றில் பல அப்படித்தான் இருந்தன.

பரணில் ஏறவில்லை. நீளமான கம்பின் முனையில் கைபேசியைக் கட்டி, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்தோம். பழைய பெட்டிகளுக்குப் பின்னால் நான்கு குஞ்சுகள். மூத்ததற்கு முகம் இதய வடிவமாகத் தெளிந்து, இறக்கை இறகுகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. கடைசிக் குஞ்சு இன்னும் வெறும் பஞ்சுப் பொதி. ஒரே கூட்டில் இத்தனை அளவு வித்தியாசம் இருப்பது கூகைகளில் இயல்பு. தாய் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை வீதம் இடும், ஆனால் முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஒரு முட்டை பொரிய ஏறக்குறைய 30 நாட்கள் ஆகும் என்பதால், இட்ட வரிசையிலேயே குஞ்சுகளும் இடைவெளிவிட்டு வெளிவரும். மூத்தது ஐந்து வாரத்தை நெருங்குகிறது, இளையதற்கு மூன்றரை வாரம் இருக்கும் என்று கணக்கிட்டோம்.

எந்த முடிவை எடுப்பது

வீட்டார் முதலில் கேட்டது, குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்பதுதான். கணவரிடம் இன்னொரு யோசனையும் இருந்தது: இரவில் பெரிய பறவைகள் இரை தேடிப் போனதும் வெண்டிலேட்டரை அடைத்துவிடலாம். உள்ளே குஞ்சுகள் பட்டினி கிடந்து சாகும், அந்த நாற்றம் வாரக்கணக்கில் வீட்டில் நிற்கும், பெற்றோர் இரவெல்லாம் அடைப்பை மோதிக்கொண்டிருக்கும் என்று சொன்னதும் அதைக் கைவிட்டார். குஞ்சுகள் இருக்கும் கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னோம். உள்ளூர்க் காட்டுயிர் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்கினோம்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. குஞ்சுகளை மீட்பு மையத்துக்குக் கொண்டுபோவது, கூட்டை வெளியே ஒரு பெட்டிக்கு மாற்றுவது, அப்படியே விட்டுக் காத்திருப்பது.

மீட்பு மையம் என்பது தாயும் தகப்பனும் இல்லாத குஞ்சுக்கு. இங்கே இரண்டுமே இருந்தன. இரவுதோறும் இரை வந்துகொண்டிருந்தது. மனிதர் வளர்த்த குஞ்சை, எவ்வளவு நன்றாக வளர்த்தாலும், காட்டில் பிழைக்கப் பழக்குவது கடினம். கூட்டை மாற்றினால் பெற்றோர் புது இடத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏற்கவில்லை என்றால் நான்கும் போய்விடும்.

மிஞ்சியது காத்திருப்பது. கூகைக் குஞ்சு சுமார் எட்டு வாரத்தில் பறக்கத் தொடங்கும். பிறகும் சில வாரங்கள் பகலில் தங்கவும் இரை வாங்கவும் கூட்டுக்கே திரும்பி வரும். மொத்தத்தில் அந்த அறையை இரண்டு மாதம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னோம். வீட்டில் காட்டுயிர் கூடு கட்டியிருக்கும் நிலையில், அதை எப்படி வெளியேற்றுவது என்று கேட்பதைவிட, அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்பதே முடிவை எளிதாக்குகிறது. முடிவுத் தேதி தெரியாத தொல்லையைத்தான் மக்களால் தாங்க முடிவதில்லை. காலண்டரில் ஒரு தேதியைக் காட்டியதும் அந்த மனைவியின் முகம் இளகியதை நான் கவனித்தேன்.

அவர்களுக்கு உண்மையான கவலைகள் இருந்தன, அவற்றை ஒதுக்கித் தள்ளவில்லை. பறவை பிள்ளைகளின் கண்ணைக் கொத்திவிடுமா என்று கேட்டார்கள். கூட்டை நெருங்காதவரை கூகை மனிதரைத் தேடி வந்து தாக்காது. ஆளைக் கண்டால் பெரும்பாலும் விலகித்தான் போகும். பரணில் ஏறினால் நகம் படலாம், அதனால் அறையைப் பூட்டிவிடச் சொன்னோம். நாற்றத்துக்குக் கதவிடுக்கை அடைத்தது போதுமானதாக இருந்தது. மொட்டைமாடி விளக்கை இரவில் அணைத்து வைக்கச் சொன்னோம்.

எலி விஷம்

அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. வீட்டார் வைத்திருந்த கட்டிகளின் உறையில் புரோமாடியோலோன் என்று போட்டிருந்தது. இந்த வகை விஷங்கள் உடலில் வைட்டமின் கே மறுபடி பயன்படுவதைத் தடுக்கின்றன. இரத்தம் உறையும் தன்மை மெல்ல மெல்லக் குறைந்து, உள்ளுக்குள்ளேயே கசிந்து எலி சாகிறது. சாவு உடனே வருவதில்லை. சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் எலி தள்ளாடி, வெளியிடத்தில் மந்தமாகத் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. விஷம் எலியின் ஈரலில் தங்கியிருக்கும். தின்ற பறவைக்கும் போய்ச் சேர்ந்து அங்கேயும் மாதக்கணக்கில் தங்கும்.

பெரிய கூகை ஒன்று ஓர் இரவில் மூன்று நான்கு சிறு எலிகளைத் தின்னும். குஞ்சுகள் வளர்கிற காலத்தில் பெற்றோர் கொண்டுவரும் எண்ணிக்கை பல மடங்கு கூடும். இஸ்ரேலில் ஸ்டே எலியாஹு என்ற கூட்டுப் பண்ணையில் 1980-களில் வயல் எலிகளுக்கு எதிராகக் கூகைப் பெட்டிகளை வைக்கத் தொடங்கினார்கள். பின்னால் அது ஜோர்டானையும் சேர்த்துக்கொண்ட பெரிய திட்டமாக வளர்ந்தது. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் இதே முறை உண்டு. அந்த வீட்டார் எந்த வேலைக்காக விஷம் வாங்கினார்களோ, அதே வேலையை அவர்கள் பரணிலிருந்த குடும்பம் இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. இதைச் சொன்னபோது கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே எழுந்து போய்க் கட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கையுறை போட்டு எல்லாக் கட்டிகளையும் எடுத்து, உறையில் குறிப்பிட்டபடி அப்புறப்படுத்தினோம். விஷத்துக்குப் பதிலாக, வீட்டுக்குள் மட்டும் மூடிய பெட்டிக்குள் வைக்கும் அடிபொறிகள். எலி நுழையும் இடைவெளிகளைக் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும் என்பதால் கதவடி, குழாய் நுழையும் துளை எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கினார்கள். ஒட்டும் அட்டை வேண்டாம் என்றோம்; அதில் பல்லியும் சிறு பறவையும் சேர்ந்தே மாட்டும்.

கீழே விழுந்த குஞ்சு

ஒரு காலை நேரத்தில் இளைய குஞ்சு வெளிச்சுவரின் அடியில் கிடந்தது. காகங்கள் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தன. முதலில் பார்த்தவர் பாட்டி. அத்தனை பயந்திருந்த அவர்தான் ஓடிப்போய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் துணி விரித்து, பிள்ளைகளைக் கிட்டே வரவிடாமல் நிறுத்தி, எங்களுக்குப் போன் செய்யச் சொன்னார். பால் கொடுக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. குஞ்சு பிழைத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இப்படிப்பட்ட குஞ்சின் அலகில் தண்ணீரை ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். தேவையான நீர் இரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் குஞ்சைத் தொடாதே, தாய் வந்து பார்த்துக்கொள்ளும் என்பது பொதுவாக நல்ல அறிவுரை. இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிற பாட்டுப் பறவைக் குஞ்சுகளுக்கு அது மிகச் சரி. அவற்றைத் தாய் தரையிலேயே ஊட்டும். கூகைக்கு அது பொருந்தாது. கூட்டைவிட்டு விழுந்து தரையில் கிடக்கும் குஞ்சைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விட்டுவைத்தால் பட்டினியில் சாகும், அல்லது பூனைக்கு இரையாகும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பிள்ளைகள் பயந்தார்கள். பறவைகள் அப்படிச் செய்வதில்லை.

துண்டில் சுற்றி எடுத்துப் பார்த்தோம். இறக்கைகள் ஒரே அளவில் மடங்கியிருந்தன, கண்கள் தெளிவு, வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை, மார்பெலும்பின் இரண்டு பக்கமும் சதை இருந்தது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துவிட்டு, பரணைப் பார்த்தோம். தின்னாமல் மிச்சமிருந்த எலி ஒன்று கிடந்தது, அதாவது இரை தாராளமாக வருகிறது. அன்று மதியமே கூட்டில் விட்டோம்.

விழுந்த காரணம் பரணிலேயே தெரிந்தது. அடுக்கி வைத்த பழைய பெட்டிகள் வெண்டிலேட்டர் விளிம்பு வரை படிபோல இருந்தன. பறக்கும் வயது வராத குஞ்சும் அதில் ஏறி விளிம்புக்குப் போய்விடும். பெட்டிகளை விலக்கினோம். மூத்தது ஏழு வாரத்தைத் தாண்டியதும் ஒரு மரப்பலகையைச் சாய்த்து வைத்து மறுபடி வழி ஏற்படுத்தினோம்.

கூட்டில் விட்ட அன்றிரவு கைபேசியைப் பதிவுக்கு வைத்திருந்தோம். எல்லாக் குஞ்சுகளும் சேர்ந்து கத்தவில்லை என்பது அதில் தெளிவாகக் கேட்டது. ஒன்று விடாமல் கத்தும்போது மற்றவை அடங்கிவிடுகின்றன. சுவிட்சர்லாந்தில் அலெக்சாந்தர் ரூலான் என்ற ஆய்வாளரின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது: பெற்றோர் வருவதற்கு முன்பே குஞ்சுகள் தங்களுக்குள் குரல் கொடுத்து, யாருக்குப் பசி அதிகம் என்று தெரிவித்துக்கொள்கின்றன, பசி குறைந்தது விட்டுக்கொடுக்கிறது. சில நேரம் மூத்த குஞ்சு தன் பங்கை இளையதற்கே கொடுப்பதும் உண்டு. பதிவைக் கேட்டபிறகு பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தின் மேல் பயம் போய்விட்டது. மாடியில் படுக்க அவர்களே கேட்டார்கள்.

ஒரு மரணம்

அடுத்த வாரம் மூன்றாவது குஞ்சு பரணில் இறந்து கிடந்தது. உடல் எடை குறைந்திருக்கவில்லை, வெளிக்காயமும் இல்லை. கால்நடை மருத்துவர் திறந்து பார்த்தபோது உடலுக்குள் உறையாத இரத்தம் தேங்கியிருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷத்தோடு பொருந்தும் அறிகுறி என்று எழுதிக் கொடுத்தார்.

இந்த வீட்டில் விஷத்தை எடுத்து அதற்குள் பல நாட்கள் ஆகியிருந்தன. கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் கூகை கூட்டிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேட்டையாடும். ஒரு வீட்டுத் தோட்டம் அதில் ஒரு மூலை. அதனால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பேசினோம். பேசியது பெரும்பாலும் அந்த மனைவிதான். நாங்கள் உடன் நின்றோம். கக்கிய உருண்டையிலிருந்து எடுத்த மண்டையோடுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவந்து காட்டினார். எந்தப் பேச்சையும்விட அது நன்றாக வேலை செய்தது. பெரும்பாலானோர் விஷத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மறுத்தார்கள். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தது, தொட்டில் அருகே எலி வந்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்தபட்சம் வெளியே வைக்காமல் உள்ளே மட்டும் வைக்கவும், செத்த எலியைத் தேடி எடுத்துப் புதைக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

மீதி மூன்று குஞ்சுகளிடம் சோர்வு, வெளிறிய வாய், இரத்தக் கசிவு தெரிகிறதா என்று தூரத்திலிருந்தே கவனித்தோம். தெரிந்தால் மருத்துவரிடம் கொண்டுபோய் வைட்டமின் கே1 தொடங்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். தேவைப்படவில்லை.

பறந்த பிறகு

மூன்றும் பறந்தன. மூத்தது முதலில், இளையது அதற்கு இரண்டு வாரம் கழித்து. பகலில் வந்து பரணில் தூங்குவது மேலும் சில வாரங்கள் தொடர்ந்தது.

அறையை மூடுவதில் அவசரப்படக் கூடாது. ஒன்று உள்ளே இருக்கும்போது அடைத்துவிட்டால் இதுவரை காத்திருந்ததற்குப் பொருளே இல்லை. வெண்டிலேட்டர் விளிம்பில் மாவைத் தூவி வைத்தோம். கால் தடம் பதிந்தால் இன்னும் வந்துபோகிறது என்று அர்த்தம். தொடர்ந்து பல நாட்கள் தடமும் இல்லை, புது உருண்டையும் இல்லை என்றான பிறகு, பட்டப்பகலில் பரண் முழுக்கத் தேடிவிட்டுக் கம்பி வலை அடித்தார்கள்.

சுத்தம் செய்யும்போது உலர்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது. அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, சுரண்டி எடுத்துப் பையில் கட்டினார்கள். அந்த வேலைக்குப் பிள்ளைகளையும் பாட்டியையும் சேர்க்கவில்லை.

இதற்கிடையே தோட்டத்து மரத்தில் ஒரு பெட்டி மாட்டியிருந்தோம். கூகைப் பெட்டியில் கவனிக்க வேண்டியது ஆழம். நுழையும் துளையின் அடி விளிம்பிலிருந்து தரைப்பலகை வரை 45 செ.மீ. குறையாமல் இருந்தால்தான் பறக்காத குஞ்சு ஏறி விழாது. துளை 13 செ.மீ. சதுரம், தரையிலிருந்து உயரம் 3 மீட்டருக்கு மேல்.

இன்னொரு முறை என்றால்

முதல் மாற்றம் தொலைபேசியிலேயே. இப்போது யார் அழைத்தாலும், எந்த விலங்கு என்று கேட்பதற்கு முன்பே வீட்டில் எலி விஷம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறோம். இருந்தால், நாங்கள் வரும்வரை காத்திராமல் எடுத்துவிடச் சொல்கிறோம்.

அக்கம்பக்கத்தில் பேசுவதை மரணத்துக்குப் பிறகு செய்தோம். அது கூடு உறுதியான நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை. விஷத்தை எடுத்த பிறகும் ஏற்கெனவே தின்ற எலிகள் பல நாட்கள் நடமாடும் என்பதால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு.

உள்ளே பார்த்த அன்றே படிபோல இருக்கும் சாமான்களை அகற்றுவது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது.

பெட்டியை மாட்டும் நேரத்தையும் மாற்றுவோம். குஞ்சுகள் கூட்டில் இருக்கும்போதே பெட்டியும் அருகில் இருந்தால், இளம் பறவைகள் பறந்து பழகும் நாட்களில் அதைக் கண்டுபிடித்துத் தங்கிப் பார்க்க வாய்ப்பு அதிகம். இந்த வீட்டில் பெட்டி தயாராவதற்குள் மூத்தது பறந்துவிட்டது. முதல் வருடம் பெட்டியில் அணில்கள் குடியேறின. கூகைகள் காலி நிலத்துப் பக்கம் வேட்டையாடுவதை வீட்டார் அடிக்கடி பார்க்கிறார்கள். பெட்டிக்கு இன்னும் வரவில்லை. அணில் கூட்டை எடுத்துவிடலாமா என்று போன வாரம் மனைவி கேட்டார். குட்டிகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அவை வெளியேறும்வரை விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.